சூடேற்றியல்: வட்டுக்கோட்டை வழக்கு

படலைக்கு உள்ளே மோட்டார் சைக்கிள் பற்றிக்கொண்ட கணத்துக்கும் அது ஒழுங்கையில் இறங்கும் கணத்துக்கும் நடுவில் ஒரு காலம் கிடக்கிறது. “மெசினைக் கொஞ்சம் சூடாக்கிறன்” என்று ஊரார் அதை ஒரே வசனத்தில் முடித்துவிடுவார்கள். அந்தக் காலத்துக்கு இலக்கணம் செய்ய இதுவரை யாரும் முன்வரவில்லை. இது வட்டுக்கோட்டைக்கு அழகில்லை. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் இங்கே நிறுவிய செமினரியில் படித்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவர், தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர். அப்பேர்ப்பட்டவர் உலாவிய மண்ணில், தினமும் காலையில் நூற்றுக்கணக்கான முற்றங்களில் நடக்கும் ஒரு செயல் தொகை வகை விரியின்றிக் கிடக்கலாமா?

நூல் என்றால் பாயிரம் வேண்டும். சிறப்புப் பாயிரத்துக்கு நன்னூல் கேட்கும் 11 உறுப்புகளில் தேவையான சிலதை மட்டும் சொல்கிறோம். எல்லை: ஒரு பக்கம் அராலி, ஒரு பக்கம் சித்தன்கேணி, இன்னொரு பக்கம் பொன்னாலைப் பாலம். களம்: வீட்டு முற்றம். காலம்: விடிய ஐந்தரை முதல் எட்டு மணி வரை. கேட்போர்: அயல் வீட்டார், அவர்களின் சம்மதம் கேட்கப்படுவதில்லை. பயன்: அதைத்தான் தேடப்போகிறோம். இன்னுமொன்று. 1976 மே 14ஆம் திகதியிலிருந்து இந்த ஊரின் பெயரோடு தீர்மானம் என்ற சொல் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆகையால் இங்கே எதையும் தீர்மானிக்க நமக்குத் துணிவில்லை. வகை மட்டும் பிரிக்கிறோம்.

முதற் சூத்திரம் இது. செய்தவர் நாமே என்பதால் பாடபேதம் இல்லை.

பற்றிய பின்னே படலை தாண்டுமுன்
உற்ற இடையே சூடெனப் படுமே.

‘பற்றிய பின்னே’ என்றதனால், பற்றாமல் கிக்கரை உதைத்துக்கொண்டிருக்கும் காலம் இதில் அடங்காது. அது உதையியல், தனி நூலுக்குரியது. அதில் பயிலும் சொற்கள் அச்சுக்கு ஏற்றவையும் அல்ல. ‘படலை தாண்டுமுன்’ என்றது பெரும்பான்மை பற்றி. படலை இல்லாத வீட்டார் ஒழுங்கை முடக்கையே படலையாகக் கொள்க.

இங்கே மாணாக்கன் ஓர் ஐயம் எழுப்புவான். சூடேற்ற வேண்டுமென்றால் பொருள் முதலில் குளிர்ந்திருக்க வேண்டாமா? நல்ல கேள்வி. தை மாதத்துப் பனி விடியலில், கிழவர்கள் தலைக்குத் துவாய் சுற்றிக்கொண்டு தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில்கூட, யாழ்ப்பாணத்துக் காற்று 20 பாகையைச் சுற்றித்தான் நிற்கும். ஒயில் ரின்னில் 20டபிள்யூ-40 என்று எழுதியிருப்பார்களே, அதில் இரண்டாவது எண், 100 பாகைச் சூட்டில் ஒயில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதற்கான தரம். முதலாவது எண் குளிருக்கானது. பூச்சியத்துக்கும் 15 பாகை கீழே வைத்து எஞ்சினைச் சுழற்றிப் பார்த்து அந்தத் தரத்தைக் கொடுப்பார்கள். வட்டுக்கோட்டை அந்தப் பரீட்சைக்கு ஒருபோதும் தோற்றியதில்லை. வெயில் ஏற முன்னரே வியர்க்கும் ஊரில் குளிர் எஞ்சின் என்பது பெரும்பாலும் ஒரு பாவனை.

முழுப் பாவனை என்று தள்ளவும் முடியாது. இரவு முழுக்க நின்ற எஞ்சினில் ஒயில் கீழே இறங்கியிருக்கும். பற்றியதும் பம்ப் அதை மேலே கொண்டுபோய்க் கேம் வரை சேர்க்கச் சில விநாடி பிடிக்கும். பிஸ்டன் அலுமினியம், அது ஓடும் குழல் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும் என்பதால் குளிரில் இரண்டுக்கும் இடையில் கொஞ்சம் இடைவெளி விட்டே செய்திருப்பார்கள். காலையில் கேட்கும் மெல்லிய தட்டல் அந்த இடைவெளியின் சத்தம். பெற்றோலும் குளிரில் ஒழுங்காக ஆவியாகாது. ஒரு பங்கு பெற்றோலை முழுதாக எரிக்க நிறையில் 14.7 பங்கு காற்று வேண்டும் என்பது கணக்கு. ஆவியாகாத பங்கை ஈடுசெய்யத்தான் சோக்கை இழுத்துக் காற்றைக் குறைக்கிறோம்.

இவ்வளவுக்கும் இந்த ஊர்ச் சூட்டில் அரை நிமிடம் போதும். மிச்சத்தை மெதுவாக ஓடித்தான் கொடுக்க வேண்டும். நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருந்தால் ரயரும் செயினும் பின்சில்லுப் பெயரிங்கும் குளிர்ந்தபடியேதான் இருக்கும். காற்றால் ஆறுகிற எஞ்சினுக்குக் காற்றுக் கிடைப்பதும் ஓட்டத்தில்தான். சோக்கை இழுத்தபடி மறந்து நின்றால் எரியாத பெற்றோல் உள்சுவரில் படிந்த ஒயிலைக் கழுவிவிடும். இன்னொரு விடயம் பலர் யோசிக்காதது: 1 லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ 1 லீற்றர் தண்ணீர் ஆவியாக வெளியேறும். எஞ்சின் நன்றாகச் சூடாகாவிட்டால் அதில் ஒரு பங்கு சைலன்சருக்குள்ளேயே தேங்கும். ஐந்து நிமிடம் முற்றத்தில் சூடேற்றி, சந்திக் கடைக்குப் போய்ப் பாண் வாங்கிக்கொண்டு திரும்பும் மோட்டார் சைக்கிளின் சைலன்சர் அடிப்பக்கத்தால் உக்கிப்போவது இதனால்தான். கராச்சுக்காரர் கடற்காற்றைக் குற்றம் சொல்வார். கடற்காற்றுக்குப் பாதிப் பங்கு கொடுக்கலாம்.

எனவே இரண்டாம் சூத்திரம்:

நின்றுசூ டேற்றல் சென்றுசூ டேற்றல்
என்றிரு வகைத்தே ஏனைய வழக்கே.

‘ஏனைய வழக்கே’ என்ற இடத்தில்தான் ஊர் முழுவதும் அடங்கியிருக்கிறது. எஞ்சினுக்கு வேண்டிய அரை நிமிடம் முடிந்த பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தால், அந்தச் சூடு வேறு யாருக்கோ என்று கொள்க.

முதலில் வரவுச் சூடு. பல்சர் வகையறாவும், அதை வாங்கித் தரும்படி தகப்பனை ஆறு மாதம் அரித்த இளைஞர் வகையறாவும் இதற்குரியோர். பற்றின கையோடு முறுக்குவார்கள், விட்டு முறுக்குவார்கள், சைலன்சரின் குடலை ஏற்கனவே எடுத்திருப்பார்கள். ஒயில் மேலே ஏறும் முன் எஞ்சினை உச்சத்துக்குக் கொண்டுபோவது, செய்யக்கூடியவற்றுள் மிகக் கெட்டது என்று எந்த மெக்கானிக்கும் சொல்வார், அவர்களும் கேட்டிருக்கிறார்கள். ஆனால் வட்டுக்கோட்டை மோடி என்று தனக்கென ஒரு கூத்து மரபை வைத்திருக்கும் ஊர் இது. கூத்தில் அரசன் வரவு ஆடி முடிக்காமல் வசனம் பேசமாட்டான். இந்த முறுக்கும் அந்த வரவுதான். வசனம் அராலிச் சந்தியில், நண்பர்கள் நிற்கும் இடத்தில்.

அழைப்புச் சூடு இதனினும் நுட்பமானது, விரித்துப் பேசத் தக்கது. தகப்பன், கறுப்பு டிஸ்கவர், பின்னால் ஏற வேண்டிய மகள், ஆறரை மணி ரியூசன். தகப்பன் பற்றவைத்து விட்டு இறங்காமல் இருப்பார். முதலாம் முறுக்கு மெல்லியது. நான் ரெடி என்று பொருள்.

“பிள்ளை, வெளிக்கிட்டாச்சோ?”

“இந்தா வாறன் அப்பா.”

அந்த ‘இந்தா’வுக்கு எல்லை வகுத்த இலக்கணகாரர் எவரும் இல்லை. இரண்டாம் முறுக்கு சற்று நீளம். நேரம் போகுது என்று பொருள். மூன்றாவது முறுக்கு மகளுக்கு உரியதன்று. அது குசினியை நோக்கியது, குசினியும் அதை உடனே விளங்கிக்கொள்ளும்.

“ஏனப்பா உந்த மெசினை இப்பிடி அலற விடுறியள்? அவள் தலை இழுக்கிறாளெல்லோ!”

“நான் என்ன செய்தனான்? மெசின் சூடாகுது.”

பெற்றோலை எரித்துப் பேசும் இந்தப் பாஷையில் வாய்ச்சண்டைக்குரிய எல்லாம் உண்டு, சாட்சி மட்டும் இல்லை. மகளைக் கடிந்ததாகவோ மனைவியை அவசரப்படுத்தியதாகவோ அவர்மேல் குற்றம் சுமத்த முடியாது. எஞ்சினின் நலம் கருதி நின்றார், அவ்வளவுதான். இல்லறத்தில் இவ்வளவு மறைவிடம் தரும் கருவி வேறு அதிகம் இல்லை.

வழிபாட்டுச் சூடு பழைய ஹொண்டாக்காரருக்கு உரியது. எம்.டி. 90, சி.டி. 125. சீற்றைத் துணியால் துடைத்து, கிழக்கே பார்க்கத் திருப்பி, பற்றவைத்து, கைப்பிடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, அருகில் நின்று உற்றுக் கேட்பார்கள். இவர்களைப் பற்றி மேலும் எழுதினால் கேலியாகிவிடும். அந்த வண்டிகள் இன்னும் ஓடுகின்றன என்பதால் கேலிக்கு இடமுமில்லை.

உரையாடற் சூடு என்பது ஏறியும் ஆயிற்று, பற்றியும் ஆயிற்று, படலையும் திறந்தாயிற்று, அந்த நேரம் பார்த்து ஒழுங்கையால் ஒருவர் வருவது. ஒருவரும் எஞ்சினை நிற்பாட்டமாட்டார். நிற்பாட்டினால் கதைக்கத் தயார் என்று ஆகிவிடும். ஓட விட்டபடியே கோயில் கணக்கு, காணிப் பிரச்சினை, கனடாக் கலியாணம் எல்லாம் முடியும்.

புலம்பெயர்ந்தோர் சூடு என்று ஒன்றை எதிர்பார்த்துச் சென்றோம், கிடைக்கவில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு வருவோர் மைத்துனரின் மோட்டார் சைக்கிளை வாங்கி, பற்றவைத்த உடனே ஓடிவிடுகிறார்கள். அவர்கள் வாழும் ரொறன்ரோவில் ஒரு மணித்தியாலத்துக்குள் 1 நிமிடத்துக்கு மேல் எஞ்சினைச் சும்மா ஓட விடுவது நகரச் சட்டப்படி தவறு. ஜேர்மனியிலும் காரணமில்லாமல் ஓட விட்டால் தண்டம். நிசமான குளிர் உள்ள இடங்களில் சூடேற்றலைத் தடைசெய்திருக்கிறார்கள். குளிரே இல்லாத நாம் அதை மரபாகப் பேணுகிறோம்.

சென்றுசூடேற்றல் எனப்படும் உத்தம வகையை ஒழுங்காகக் கைக்கொள்வோர் யார் என்று தேடினால், ஸ்கூட்டியில் போகும் பெண்கள். முன்பு சாலி, இப்போது ஸ்கூட்டி, டியோ. கைப்பையைக் கொழுவி, ஹெல்மெற் பூட்டி, சுவிச்சை அமத்தி, மெதுவாக ஒழுங்கையால் உருட்டி, சந்தி தாண்டிய பிறகுதான் வேகம் எடுப்பார்கள். எஞ்சின் நூல் சொல்வது இதையேதான். இந்த ஆசிரியைமாரையும் தாதிமாரையும் பார்த்து, “உவைக்கு மெசினைப் பற்றி என்ன தெரியும், சூடாக்காமல் கொண்டு போகினம்” என்று சொல்பவர் யார் தெரியுமா? மூன்றாம் முறுக்கில் நிற்கும் தகப்பன்.

அவரிடமே காரணத்தைக் கேட்கலாம். ஏன் அண்ணை இவ்வளவு நேரம் சூடாக்கிறியள்? வட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் துட்டுக்கு ரெண்டு கொட்டைப்பாக்கு என்று மறுமொழி வந்த கதை ஊரறிந்தது. தமிழ்நாட்டார் அதைப் பட்டுக்கோட்டைக்கு உரியது என்று வழக்காடுவார்கள். இங்கேயும் பாக்கு விலைதான் வரும்: “மெசின் எண்டால் சூடாக்கத்தானே வேணும்.” விடாமல் கேட்டால் வயதில் மூத்தவர் மட்டும் சரியான பதிலைச் சொல்வார். “அது தம்பி, மண்ணெண்ணெயில ஓடேக்க பழகினது.”

இங்கே நூல் விளையாட்டை நிற்பாட்டி ஒரு மூச்சு விடுகிறது.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டதோடு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது. மின்சாரமும் போனது. பெற்றோல் கள்ளமாக, போத்தல் கணக்கில், நகை விற்கும் விலையில் வந்தது. மண்ணெண்ணெய் மட்டும் பங்கீடாகக் கொஞ்சம் கிடைத்தது. அதில் ஒரு பங்கு ஜாம் போத்தல் விளக்குக்கு, பிள்ளைகள் படிக்க. மிச்சம் இருந்தால் மோட்டார் சைக்கிளுக்கு. ஆனால் பெற்றோல் எஞ்சின் மண்ணெண்ணெயை இலேசில் ஏற்காது. பெற்றோல் பூச்சியத்துக்கு 40 பாகை கீழேகூடப் பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி விடும். மண்ணெண்ணெய் அப்படி ஆவி விட 38 பாகையாவது வேண்டும். குளிர்ந்த எஞ்சினுக்குள் அதை விட்டால் ஈரமாகவே நிற்கும், பிளக் நனையும், உதைப்பவர் வியர்ப்பார், எஞ்சின் வியர்க்காது.

தோட்டக்காரருக்கு இதன் வழி தெரியும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் தண்ணி இறைக்கிற மண்ணெண்ணெய் மெசினில் பெற்றோலுக்கென்று ஒரு சின்ன அறை உண்டு. பெற்றோலில் பற்றவைத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் பெர்குசன் உழவு இயந்திரங்கள் சிலவும் இப்படித்தான் ஓடின. அதே வித்தையை மோட்டார் சைக்கிளுக்கு ஏற்றினார்கள். தாங்கியில் மண்ணெண்ணெய், காபரேற்றரின் வாயில் சொட்டுச் சொட்டாகப் பெற்றோல், அதற்கு ஆசுபத்திரியில் கழித்துவிட்ட சேலைன் குழாய். ஒரு சின்னப் போத்தல் பெற்றோலை உயிர்போல மடியில் வைத்திருந்தார்கள். பற்றவைத்து, நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, எப்போது திருப்புவது என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவசரப்பட்டால் எஞ்சின் செத்துப்போகும், இன்னொரு மூடி பெற்றோல் வேண்டும். தாமதித்தாலும் அந்த மூடி வீணாகும். வெப்பமானி எதுவுமில்லாமல், காதாலும் செட்டைகளுக்குக் கிட்டப் பிடித்த உள்ளங்கையாலும் அந்த இடத்தைக் கண்டார்கள். மண்ணெண்ணெய்க்கு மாறியதும் ஒழுங்கை முழுக்கப் புகை, குசினி மணம், எஞ்சினுக்குள் டொக் டொக் என்று முன்கூட்டியே வெடிக்கும் தட்டல். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும். போய்ச் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னரே மண்ணெண்ணெயைப் பூட்டிப் பெற்றோல் விட வேண்டும். காபரேற்றருக்குள் பெற்றோல் நின்றால்தான் திரும்பிவர மறுபடி பற்றும். போகும்போதே வருவதையும் யோசிக்கவைத்த வாகனம் அது.

மண்ணெண் ணெய்க்கே விதியென மொழிப
எண்ணின் பெற்றோற் கஃதொரு பழக்கே.

இது மூன்றாம் சூத்திரம். வட்டுக்கோட்டையில் நின்றுசூடேற்றல் ஒரு காலத்தில் கட்டாய விதி என்பதற்கு இதற்கு மேல் உரை வேண்டாம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, சூடேற்றிய எஞ்சினையும் நிற்பாட்டிவிட்டு, மூட்டை கட்டிய மோட்டார் சைக்கிளை அங்குலம் அங்குலமாக உருட்டிக்கொண்டு நடந்தார்கள். ஓட்ட இடம் இல்லை.

பிறகு கப்பலிலும், 2002இல் ஏ9 பாதை திறந்தபோது பவுசரிலும் பெற்றோல் வந்தது. எஞ்சினுக்குக் காரணம் போய்விட்டது, கைக்குப் போகவில்லை. தகப்பன் செய்ததைப் பார்த்து மகன் செய்தான். மகனுக்கு மண்ணெண்ணெய் என்றால் பழைய ஆட்களின் கதை. அவன் நிற்கும் நேரத்தின் நீளம் மட்டும் அந்தக் கதையிலிருந்து வந்தது.

இரண்டு சம்பவங்கள் இந்த மரபை இரு பக்கமும் இழுத்தன. இந்தியாவில் 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்து புது மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை எரிபொருளை ஊசியால் பீச்சும் முறைக்கு மாறின. சோக் இல்லை, எஞ்சினின் சூட்டைத் தானே அளந்து, வேகத்தைக் கூட்டி, பிறகு தானே தணிக்கும். அதே பருவத்தில் இலங்கை வாகன இறக்குமதியை நிற்பாட்டியது. 2025 தொடக்கம் வரை அது முழுதாகத் திறக்கவில்லை. ஆகவே ஊரில் ஓடுபவை பெரும்பாலும் பழைய காபரேற்றர்க்காரர்கள்; கை மாறி, விலை ஏறி, சோக்கோடு நிற்பவை. மறுபக்கம் 2022. யூன் மாதம் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். அடுத்து வந்த கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். ஒரே வாரத்தில் ஊர் முழுவதும் சென்றுசூடேற்றும் வகைக்கு மாறியது. வரவுச் சூட்டார்கூட வாய்மூடி, எஞ்சினை நிற்பாட்டி, வரிசையில் காலால் தள்ளிக்கொண்டு போனார்கள். அழைப்புச் சூட்டுத் தகப்பன் வாயால் கூப்பிட வேண்டிவந்தது. அதில் வந்த சேதம் வேறு.

எத்தனை நிமிடம் என்பதில் இன்னும் இரு கட்சி. ஒரு கட்சி பஞ்சாங்கக் கட்சி: மூன்று நிமிடம் என்றால் மூன்று நிமிடம், மாரியானாலும் கோடையானாலும். மற்றது பார்த்துச் சொல்லும் கட்சி. இந்த ஊருக்கு இது பழைய வழக்கு. 1829 மார்ச் மாதத்துச் சந்திர கிரகணத்தை அராலி விசுவநாத சாஸ்திரியார் பஞ்சாங்கத்தில் கணித்த விதத்துக்கும் செமினரி அதிபர் டானியல் பூவர் கணித்த விதத்துக்கும் வேறுபாடு வந்து, ஊரார் வானத்தைப் பார்த்துத்தான் முடிவு கண்டார்கள். அன்று பூவரின் கணக்கு நின்றது. சூடேற்றலிலும் வானத்தைப் பார்ப்பது போதும்: சோக்கை உள்ளே தள்ளிய பிறகும் எஞ்சின் நிற்காமல் சீராக ஓடினால் கிளம்பலாம். கார்த்திகை மழையில் நனைந்து நின்றதற்குக் கொஞ்சம் கூட. மத்தியான வெயிலில் நின்றதற்குச் சோக்கே கூடாது. இழுத்தால் பெற்றோலில் மூழ்கிப் பற்றாது, உதையியலுக்குப் போக நேரும்.

ஒழிபு: எந்த வகையிலும் அடங்காதது அணையாச் சூடு. கரையிலிருந்து மீன் பெட்டியோடு வருபவருடையது அது. காலை முழுவதும் ஒழுங்கை ஒழுங்கையாக ஓடுவதால் அவருடைய எஞ்சின் ஆறுவதே இல்லை. படலையில் நிறுத்தி, ஹோர்ன் அடித்து, பெட்டியைத் திறந்து விலை சொல்லும்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் விலையின் ஒரு பகுதி: வேண்டுமெண்டால் வாங்குங்கோ, எனக்கு அடுத்த வீடு இருக்கு. வீட்டு அம்மா அசையமாட்டார். ஒரு கையால் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு, மறு கையை இடுப்பில் வைத்தபடி நிற்பார். அவர் காத்திருப்பது விலைக்கு அல்ல. மீன்காரர் குனிந்து சாவியைத் திருப்பி எஞ்சினை நிற்பாட்டினால் இருநூறு ரூபாய் இறங்கும் என்பது அவருக்குத் தெரியும்.